வெளிமாட்டுக் கயிறு

ஷீபா எனக்கு எட்டாயிரம் ரூபாய் கடன் பாக்கி வைத்திருந்தாள். நைனார்பாளையத்துப் பெண். இயற்பியல் படித்தவள். காற்றடித்தால் கவிழ்த்த சட்டிபோல எழும்பும் கூடாரம் ஒன்றும், அதன் கூரையில் வானத்தைக் காட்டும் கருவியும் வாங்கி, ஊர் ஊராகக் காட்டிப் பிழைத்தாள். பணம் கொடுத்தது நான். மூன்றாம் வகுப்போடு நின்று, கரும்பு வெட்டி, இன்று மூன்று டிராக்டர் நிறுத்தியிருக்கும் இந்தச் சின்னதுரை யாரிடமும் கை நீட்டியவனில்லை.

தவணை தாண்டியது. வெள்ளிமலைக் கோடை விழாவுக்குள் பணம் வராவிட்டால் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு போவேன் என்று சொல்லி, கடைசி நாள் டிராக்டரோடு போய் நின்றேன். கூட்டமெல்லாம் ராட்டினத்தில். இவள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“வந்ததுக்கு ஒரு ஆட்டம் பாருங்க பெரியப்பா.”

படுத்துப் பார்த்தேன். பால்வீதியாம், கோடானுகோடி நட்சத்திரம் ஒரே வட்டமாகச் சுழன்றது.

“ஓரத்துல இருக்கறது மெதுவாத்தான் ஓடணும். ஆனா உள்ள இருக்கறது வேகத்துக்கே ஓடுது, பாத்தீங்களா?”

எனக்குப் பொறுக்கவில்லை. நான் களத்தில் மாடுகளை வரிசையாகப் பிணைத்துக் கதிர்மேல் வட்டமாக ஓட்டியவன். கயிறு அறுந்தால் ஓரத்தில் ஓடும் வெளிமாடு களத்தைவிட்டே போய்விடும்.

“கயிறு எங்கம்மா? இந்த ஓட்டம் ஓடுனா பிச்சிக்கினு பூடுமே!”

“அதான் கேள்வியே. கண்ணுக்குத் தெரியாத பொருளு சுத்தி உருண்டையா நிக்குது. அதோட இழுப்புதான் கயிறு. மொதல்ல அதுதான் சின்னச் சின்னதா தெரண்டு, ஒண்ணுசேந்து பெருசாச்சு. அப்பறம்தான் வாயு அதுக்குள்ள விழுந்து நட்சத்திரமாச்சு.”

“ஏரி மொதல்ல, தண்ணி அப்பறமா?”

“ஆமாங்க.”

“அப்ப கயிற காட்டு. காட்டிட்டா வட்டியே வேணாம்!”

வெளியே வந்தும் விடவில்லை. நான் கத்தினால் கச்சிராயபாளையம்வரை கேட்கும். கூட்டம் கூடி, கயிறு உண்டு, இல்லை என்று இரண்டாகப் பிரிந்தது. ஒருவன் என்னைக் கூடாரத்து ஆளென்றே நினைத்துவிட்டான்.

“யோவ் பெருசு, கூவனது போதும். டிக்கெட் எவ்ளோ?”

“முப்பது ரூபா!” என்றேன், வாய் தவறி.

பொழுது சாயும்வரை கூடாரம் காலியாகவில்லை. காற்றை இறக்கிவிட்டு ஷீபா வந்தாள்.

“வட்டி வேணாம்மா. அசலு போதும்.”

“கயிற நான் காட்டலியே பெரியப்பா. ஓட்டத்த வெச்சு இருக்குதுன்னுதான் சொன்னேன். இன்னும் யாருமே கண்ணால பாக்கல. கைய நீட்டுங்க.”

நீட்டினேன். அசலையும் வட்டியையும் தாள் தாளாக எண்ணி உள்ளங்கையில் வைத்தாள், என் டிக்கெட்டுக்கு முப்பது ரூபாய் கழித்துக்கொண்டு.