கேட்காமல் எழுதிய பெயர்

பதினெட்டு வருடம் ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் ஓடியாடிவிட்டு, 'நர்சிங் மேலாளர்' என்று பலகை மாட்டிய அறைக்குப் போனபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. எல்லோரும் அவளைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மா போன பிறகு வீட்டில் அவளோடு பேச ஆளில்லை. தம்பி எப்போதாவது போன் செய்வான். மற்றபடி அவளுடைய பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் அந்த வார்டோடு சரி.

அங்கே அவளுக்கு ஒரு தோழி இருந்தாள். மூடியைத் திறந்த பாட்டில் மாதிரி குபீரென்று சிரிப்பாள் என்பதால் சோடா என்று பெயர். பெரிய சிஸ்டரை 'வாடி, போடி' என்று பேசக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

பதவி வந்த மூன்றாவது வாரம் நிர்வாகி கூப்பிட்டார். மதிய ஷிஃப்டில் வார்டுக்கு ஒரு நர்ஸைக் குறைக்க வேண்டும். எட்டு வார்டு, எட்டுப் பேர்.

"நாங்க சொன்னா கொந்தளிப்பாங்க சிஸ்டர். நீங்க சொன்னா கேப்பாங்க. முடிவாகிற வரைக்கும் வெளியே மூச்சு விடாதீங்க."

இதற்காகத்தான் இந்த நாற்காலியா என்று அவளுக்குச் சுருக்கென்றது. "ஒரு மாசம் டைம் குடுங்க சார். பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து ஒரு நோட்டோடு வார்டு வார்டாக ஏறி இறங்கினாள். ஒரு நர்ஸ் எதற்காக எத்தனை நிமிடம் செலவழிக்கிறாள் என்று எழுதினாள். மருந்தகத்தில் வரிசை, இருபத்தைந்து நிமிடம். சலவை அறையில் போர்வைக்குக் காத்திருப்பது, பதினைந்து. ஒரே விவரத்தை மூன்று பதிவேட்டில் எழுதுவது, நாற்பது. நர்ஸ்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? கண்கொத்திப் பாம்பாகப் பின்னால் நிற்கிறாள் என்றுதான் தெரிந்தது. அவள் உள்ளே வந்தால் பேச்சு பட்டென்று நின்றது. ஒரு பிற்பகல் சோடாவுக்குப் பின்னாலேயே போய் எழுதிக்கொண்டிருந்தபோது, சோடா ட்ரேயை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"நான் பாத்ரூம் போறேன். அதையும் எழுதிக்கறீங்களா மேடம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த 'மேடம்' பெரிய சிஸ்டரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனாள்.

மாதம் முடிந்ததும் நிர்வாகியின் மேஜையில் தாள்களைப் பரப்பினாள். எட்டு மணி நேர வேலையில் ஒரு நர்ஸ் நோயாளியின் பக்கத்தில் இருப்பது நாலு மணி நேரம்கூட இல்லை. மருந்தையும் துணியையும் உதவியாளர்கள் வார்டுக்கே கொண்டுவந்து தரட்டும், மூன்று பதிவேடு ஒன்றாகட்டும் என்றாள்.

நிர்வாகி கெட்டிக்காரர். "நல்லாருக்கு. அப்போ ஒரு நர்ஸுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகுதே? ஆளைத் தாராளமா குறைக்கலாமே?" என்றார்.

தான் கூர் தீட்டிய கத்தி தன் பக்கமே திரும்புகிறது என்று அவளுக்குப் புரிந்தது. கடைசித் தாளை எடுத்து நீட்டினாள்.

"ஆறு மாசத்துல கட்டில்லேருந்து விழுந்தவங்க பதினாலு பேர் சார். அதுல பதினோரு பேர் மத்தியானம் விழுந்தவங்க. அந்த நேரத்துல நர்ஸ் மருந்து வரிசையில நிக்கறா. நீங்க மிச்சம்னு சொல்றது நோயாளியோட நேரம். அதை அவங்களுக்கே திருப்பிக் குடுப்போம்."

வெகுநேரம் இழுபறி. கடைசியில் அவள் கேட்ட மாற்றங்களுக்கு ஒப்புதல் கிடைத்து, எட்டுப் பேரைக் குறைக்கும் பேச்சு கைவிடப்பட்டது. ஆனால் நகரத்தின் மறுகோடியில் திறக்கவிருந்த கிளைக்கு அனுபவமுள்ள மூன்று பேரை அனுப்ப வேண்டும் என்று நிர்வாகி ஒரே பிடியாய் நின்றார். பெயர்களை அவளே தர வேண்டும்.

முதல் இரண்டு பெயரை எழுத நேரமாகவில்லை. கிளைக்கு வருகிறவர்கள் எல்லாம் படிப்பு முடித்த கையோடு வரும் பிள்ளைகள். அவர்களைக் கட்டி மேய்க்க, ஒரு வார்டைத் தனியாக நடத்தத் தெரிந்தவள் ஒருத்திதான். மூன்றாவதாகச் சோடாவின் பெயரை எழுதிக் கையெழுத்திட்டாள்.

உத்தரவு போன அன்றே சோடா அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். உட்காரவில்லை.

"நீதான் எழுதினியா?"

"ஆமா. அங்க வார்டை நடத்த உன்னை விட்டா ஆள் இல்லடி."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா மாட்டேன்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே கேக்கறது?"

எட்டுப் பேரின் வேலையைக் காப்பாற்றிய கதையைப் பெரிய சிஸ்டர் அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால், அதைக் காட்டி மன்னிப்பை வாங்குகிற மாதிரி ஆகிவிடும் என்று சும்மா இருந்துவிட்டாள். சோடா கதவைத் திறந்து போனாள். கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டாவது போயிருக்கலாம் என்று பெரிய சிஸ்டருக்கு இருந்தது.

அடுத்த ஆறு மாதத்தில் மதியம் கட்டிலிலிருந்து விழுந்தவர்கள் இரண்டே பேர். நிர்வாகி ஒரு கூட்டத்தில் அதைத் தன் திட்டத்தின் பலன் என்றே பேசினார். அவள் கைதட்டினாள்.

கிளையைப் பார்வையிட ஒருநாள் பஸ் பிடித்துப் போனாள். சோடா கட்டில் கட்டிலாக அழைத்துப் போய்க் காட்டினாள். நோயாளிகளின் முகம் தெளிவாக இருந்தது. புது நர்ஸ்கள் சோடாவைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருத்தி ஏதோ சொல்ல, சோடா குபீரென்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்! பெரிய சிஸ்டரும் தன்னை மறந்து சிரித்துவிட்டாள். பிள்ளைகள் அவளைப் பார்த்துச் சட்டென்று அடங்கினார்கள்.

வாசல்வரை சோடா கூடவே வந்தாள். கொஞ்சம் தயங்கி, "டீ குடிச்சிட்டுப் போறீங்களா மேடம்?" என்றாள்.

"இல்ல, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ் அரை மணிக்கொன்று. நிறுத்தத்தில் அவளைத் தவிர யாருமில்லை. சரி என்று சொல்லியிருக்கலாம். திரும்பிப் போய் நின்றால் என்ன என்று இரண்டு தடவை எழுந்தாள், இரண்டு தடவையும் உட்கார்ந்தாள். மூன்றாம் தடவை எழுந்தபோது பஸ் வந்துவிட்டது.