ஒரு ஆள் படுக்கிற கூடாரம்

என் தங்கை கோலீனைக் கட்டியவன் ஆர்லோ. மின்கம்பம் ஏறும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் காலில் கட்டிய சக்கரம் கழலாத மனிதன். எங்கள் மலையூர் சலைடாவில் பனி உருக ஆரம்பித்தால் போதும், அவனை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. சாப்பாட்டு மேசையிலேயே தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு, மலையில் படுக்கத் தனக்குத் தானே கூடாரம் தைப்பான். கடையில் விற்பதெல்லாம் அவனுக்குக் கனமாம். பல் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியில் அறுத்து எறிந்தவன்; நூலைக்கூட மாவு நிறுக்கும் தராசில் வைத்துத்தான் எடுப்பான். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த வருடம் கோலீன், "நானும் வரேன், ரெண்டு பேருக்குத் தை" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி அவள் கேட்டதே இல்லை.

அவன் துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ஏழு அவுன்ஸ் எடை கூடுமே."

"அப்ப நான் உனக்கு ஏழு அவுன்ஸா?"

"துணியச் சொன்னேன்டி."

"சரி, அந்தத் துணியோடயே குடும்பம் நடத்து."

அதோடு பேச்சு நின்றது. அவள் பக்கத்திலேயே இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். "போகட்டும்க்கா. அவன் திரும்பி வர்றப்ப நான் அங்க இருப்பேன்னு நெனைக்காத" என்றாள்.

கூடாரம் முடிந்து பையும் கட்டியாயிற்று, அவன் கிளம்பவில்லை. குட்டி போட்ட பூனை போல வாசலுக்கும் கொல்லைக்கும் அலைந்தான். ஒரு நாள் திடீரென்று ஓரத் தையலைப் பிரித்து, அகலத்துக்கு இன்னொரு துண்டு சேர்த்துத் தைத்தான். இந்த வழுக்குத் துணியில் ஊசி போன ஓட்டை மூடவே மூடாது. குண்டூசிகூடக் குத்தாமல் கிளிப் மாட்டித்தான் தைப்பார்கள். பிரித்த இடத்தில் சிலிகான் பசையைத் தாராளமாகப் பூச வேண்டும். எடை கூடுமென்று இந்த மகராசன் பேருக்குத் தடவினான்.

மழை பிடித்த ஒரு மதியம் கொல்லையில் அதை விரித்துக் கட்டி, கோலீனைக் கூப்பிட்டான். முறைத்துக்கொண்டே போனாள். இருவரும் உள்ளே படுத்தார்கள். பழைய ஊசி ஓட்டை வழியாக நேரே அவள் முகத்தில் சொட்டியது.

"இதுக்குத்தான் கூப்பிட்டியா?" என்று எழுந்தவளை அவன் தன் இடத்துக்குத் தள்ளிவிட்டு, சொட்டும் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டான். மழை லேசில் விடவில்லை.

சாயங்காலம் கோலீன் என்னிடம் வந்தாள். "மூஞ்சியெல்லாம் தண்ணி. அசையவே இல்லக்கா. எந்திரின்னா, 'நீ நனையலல்ல, படு'ங்கிறான்." சொல்லும்போதே அழுதுவிட்டாள். சோறு தின்னக்கூட ஓரிடத்தில் உட்காராதவன் அவன். ஆனால் என் வாயில் திட்டுத்தான் வந்தது.

"அந்த ஓட்டைய மொதல்ல அடைக்கச் சொல்லு."

"அவன நம்பினா ஆகுமா? துணிய உள்ள கொண்டு வந்து காயவச்சு, பசைய நானே பிதுக்கிப் பூசிட்டேன்" என்றாள். "வெள்ளிக்கிழமை கிளம்புறோம்."