சிலுவை நண்டு

எழுபதுகளின் கடைசியில், கடலில் குளிக்கப் போன என் மகன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதன்பின் ஒரு வருடம் நான் மாதா கோவிலுக்குப் போகவில்லை. அழவும் இல்லை.

ஒரு நாள் பெரிய மார்க்கெட்டில், முதுகில் சிலுவைக் குறி போட்ட நண்டைத் தூக்கிக் காட்டினாள் மீன்காரி.

“பாருக்கா, அந்தக் காலத்துல உங்க சாமியாரு ஒருத்தரு கடல்ல தவறவிட்ட சிலுவைய இதுதான் தூக்கியாந்து குடுத்துச்சாம். அதுக்கு உங்க சாமி வச்ச குறி.”

யாரிடமும் அதிகம் பேசாதவள் நான். “எம்புள்ளைய மட்டும் ஏன் தூக்கியாரல?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “எங்க வூட்டுக்காரரையுந்தான் தூக்கியாரல. அதுக்காக கதைய சொல்லாம இருப்பனா?”

அந்த ஞாயிறு பூசைக்குப் போனேன். மகனுக்காக வேண்ட வாய் வரவில்லை. மீன்காரியின் புருஷனுக்காக வேண்டினேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.