வலப்பக்கத்துக் கைப்பிடி

என் அண்ணனைத் தெருவில் எல்லோரும் 'ஆட்டம்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆடத் தெரிந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் கருவியைக் கொடுத்தாலும் அசைத்துப் பார்த்து, "இதுல ஆட்டம் இருக்கு" என்பார். ஸ்பேனரின் வாய் நட்டோடு ஒட்டி உட்காராவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அண்ணியின் மூக்குக்கண்ணாடியைக்கூட விட்டுவைத்ததில்லை.

துருப்பிடித்து இறுகிப்போனதைக் கழற்றுவதுதான் அவர் பிழைப்பு. மற்ற மெக்கானிக்குகள் மல்லுக்கட்டித் தோற்றதெல்லாம் கடைசியில் அவர் பட்டறைக்கு வந்து சேரும். இரண்டு சொட்டு டீசல் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். வந்து லேசாகத் தட்டுவார். கழற்றுவதற்கு முன் ஒரு முடியளவு இறுக்கிப் பார்ப்பார். அதில் துருவின் பிடி விட்டுவிடுமாம். ஊரார் வேலைக்கு அவ்வளவு பொறுமை. வீட்டு வேலை என்றால் மட்டும் எப்போதும் நாளைக்கு.

சின்ன வயதிலிருந்தே எனக்குக் கால்கள் நடக்காது. கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியை அண்ணன்தான் பழைய சைக்கிள் சாமான்களை வைத்துச் செய்துகொடுத்தார். சைக்கிள் பெடல்கள்தான் அதில் கைப்பிடிகள். வலப்பக்கத்துக் கைப்பிடி உள்ளே துருவேறிச் சுழல மாட்டேன் என்கிறது, உள்ளங்கைத் தோல் உரிகிறது என்று ஒரு மாதமாகக் கரடியாகக் கத்தினேன். நான் வேலையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை அது அடியோடு இறுகிப்போனது.

அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. நேர்காணலில் மேலாளர், தினமும் யாராவது கொண்டுவந்து விட வேண்டுமே என்று இழுத்தார். "நானே வந்துடுவேன் சார்" என்றேன். அந்த ஒரு பேச்சுக்குத்தான் வேலை கிடைத்தது. முதல் நாளே யாரோ தள்ளிக்கொண்டு போய் இறக்கினால் என் பேச்சுக்கு என்ன மரியாதை?

காலை ஆறு மணிக்கே அண்ணன் வாசலில் உட்கார்ந்துவிட்டார். புதுக் கைப்பிடிகள் ஒரு ஜோடி தயாராக இருந்தன. பழையதைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி. குற்ற உணர்ச்சியோ என்னவோ, அன்று டீசலும் விடவில்லை, தட்டவும் இல்லை. ஸ்பேனரை மாட்டி, வழக்கம்போல் கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக முறுக்கினார். அது அசையவில்லை. எனக்கு எங்கோ உறுத்தியது. இது மாற்றித் திருப்பினால்தான் கழலும் என்றேன். சும்மா இரு, இருபது வருஷமாக இதுதான் என் தொழில் என்றார்.

ஸ்பேனரின் பிடியில் ஒரு குழாயைச் செருகி, முழு பலத்தையும் போட்டார். ஏழரை மணிக்கு ஸ்பேனர் நழுவி, அச்சின் விளிம்புகள் மொட்டையாகி, அவர் விரல் மூட்டும் கிழிந்தது. நானே தள்ளிக்கொண்டு போய் விடுகிறேன் என்றார் அண்ணி. அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

"வண்டியச் செஞ்சது நீ. பதினோரு வருஷமா சுத்துறது நான். இது ஒரு தடவ லூசானப்ப நானே முடுக்கியிருக்கேன். நீ இப்ப திருப்புற பக்கம் திருப்பித்தான் முடுக்குனேன்."

அண்ணன் குனிந்து சங்கிலியைப் பார்த்தார். சைக்கிளில் வலப்பக்கம் ஓடும் அது, இதில் இடப்பக்கம் ஓடியது. வண்டி செய்தபோது சைக்கிளின் பெடல் பகுதியைத் திருப்பிப் போட்டுப் பொருத்தியவர் அவரேதான். அதனால் சைக்கிளின் இடது பெடல் இருந்த இடம் என் வலது கைக்கு வந்துவிட்டது. இடது பெடலின் திருகுமரை எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கும் என்பது எந்த மெக்கானிக்குக்கும் தெரியும். ஆறு மணியிலிருந்து அவர் அதைக் கழற்றவில்லை, இறுக்கிக்கொண்டிருந்தார்.

அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. டீசலை எடுத்து இரண்டு சொட்டு விட்டார். காத்திருந்தோம். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு தட்டினார். மொட்டையான அச்சைப் பைப் ரெஞ்சால் கவ்வி, நான் சொன்ன பக்கம் திருப்பினார். கிரீச்சென்று ஒரு சத்தத்தோடு அது விட்டுக்கொடுத்தது.

புதுக் கைப்பிடியை எடுத்தவர், அதை மாட்டவில்லை. தன் ஸ்பேனரின் வாயைச் சரிசெய்து, அதை என் கையில் வைத்தார். யாருக்கும் இரவல் தராத ஸ்பேனர் அது.

"நீயே முடுக்கு. உனக்குத்தான் பக்கம் தெரியும்."

மன்னிப்புக் கேட்டு அவருக்குப் பழக்கமில்லை. நான் முடுக்கினேன்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது அச்சக வாசலில் நின்றேன். யார் கொண்டுவந்து விட்டது என்று மேலாளர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. கிரீஸ் கையோடு வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் அண்ணன் பட்டறையைச் சீக்கிரமே மூடிவிட்டு வாசலில் காத்திருந்தார். வேலை எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தார். இன்னொரு தடவையும் அசைத்தார்.

"ஆட்டம் இல்ல" என்றார்.

அந்த 'இல்ல'வை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.