வாகனம் வந்துபோன மார்கழி

எங்கள் வீட்டில் ஓர் எலிக்கு இருபத்தொரு நாள் மரியாதை நடந்தது. நம்பாதவர்கள் என்னுடைய பள்ளிச் சீருடையைப் பார்த்திருக்க வேண்டும். வலது தோளில் என் ஐந்து விரலும் போகிற அளவுக்கு ஓட்டை. அதற்குப் பிறகும் அந்த எலியை யாரும் ஒரு சொல் சொல்லக்கூடாது என்றார் அம்மா. பிள்ளையார் கதை தொடங்கிவிட்டதாம்.

கார்த்திகை விளக்கீடு முடிந்த கையோடு எங்கள் ஊர் இறுப்பிட்டியில், பிள்ளையார் கோயிலில் கதை படிப்புத் தொடங்கும். அம்மா கையில் காப்புக் கட்டிக்கொண்டு, ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு, பின்னேரம் கதை கேட்கப் போவார். அந்த நாட்களில் எலியைக் கொல்வது இருக்கட்டும், அதன் பெயரைக்கூட வாயில் எடுக்கமாட்டார். 'வாகனம்' என்றுதான் சொல்வார். விடியக் குசினிக்குள் அடுப்பு மூட்டப் போய், சட்டி கழுவும் சவர்க்காரக் கட்டியில் பல் பதிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "வாகனம் வந்திட்டுப் போயிருக்கு" என்பார், மாமி முறையான ஒருவர் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனதுபோல. ஆனால் விரதம் முடிந்த மறுநாளே வாகனத்துக்கும் முடிவு என்பதில் உறுதியாக இருந்தார். அம்மாவின் பக்தியும் கோபமும் நாள் கணக்குத் தவறுவதில்லை.

எலி எங்கிருந்து வந்தது என்று யாரும் தேடவில்லை. எங்களுக்கு வலப்பக்கத்து வீட்டுக்காரர் கனடாவில், இடப்பக்கத்துக்காரர் பிரான்சில். பூட்டிக் கிடந்த அந்த இரண்டு பெரிய வீடுகளிலும் எலிகள்தான் குடியிருந்தன. அவை சாப்பிட எங்கள் வீட்டுக்கு வருவது நியாயம்தானே.

அப்போது எனக்குப் பத்து வயது. ஓட்டை விழுந்த சீருடையைத் தைத்துப் போட்டுக்கொண்டு போன நாளில் வகுப்பே சிரித்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன், இந்த எலியை வேறு யாரும் பிடிக்கக்கூடாது, நான்தான் பிடிக்க வேண்டும் என்று.

வீட்டில் இன்னொரு விஷயமும் மார்கழி முடியக் காத்திருந்தது. அது சித்தியின் கலியாணம். சித்தி அம்மாவின் தங்கை. தாய் தகப்பன் இல்லாததால் எங்களோடுதான் இருந்தார். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் சுவிஸ் மாப்பிள்ளை ஒன்று கொண்டுவந்திருந்தார். அப்பா வாக்கும் கொடுத்துவிட்டார். சித்தி வன்னிப் பக்கம் ஏதோ வேலைக்கு எழுதிப்போட்டிருந்ததும், அதற்குக் கடிதம் வந்ததும் எனக்குத் தெரியும். என்ன வேலை என்று எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கடிதத்தை அப்பா படித்துவிட்டு மடித்துக் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது.

"முதல் கலியாணம். மற்றதைப் பிறகு பாப்பம்" என்றார்.

"எனக்கு ஏலாது அத்தான்" என்று சித்தி சொன்னார். எதற்கு ஏலாது என்று அப்பா கேட்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் கேட்டது சித்தியின் சாதகக் குறிப்பு ஒன்றைத்தான். மார்கழியில் குறிப்பை வெளியே எடுக்கக்கூடாது, தை பிறந்ததும் கொடுப்போம் என்று அம்மா சொல்லிவிட்டார். அது கையால் எழுதிய ஒரு பழைய கொப்பி. சித்தி சண்டைக்குப் பயந்து சனம் இடம்பெயர்ந்த காலத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பிறந்தவர். பக்கத்தில் பாய் விரித்திருந்த சாத்திரியார் ஒருவர் நேரத்தைப் பார்த்துக் குறித்துக் கொடுத்திருந்தார். அந்தச் சாத்திரியார் உயிரோடு இல்லை. அன்றைக்கு மழை பெய்தது என்பதற்கு மேல் அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது. ஆகவே சித்தி பிறந்த நேரம் இந்த உலகத்தில் அந்தக் கொப்பிக்குள் மட்டும்தான் இருந்தது. அம்மா அதைச் சிவப்புப் பட்டுத் துணியில் சுற்றி, இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டு, நானும் சித்தியும் படுக்கும் அறை அலுமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தார். அலுமாரியைப் பூட்டித் திறப்பைச் சாமிப் படத்துக்குப் பின்னால் தொங்கவிட்டிருந்தார்.

சித்தியிடம் ஒரு போன் இருந்தது. அந்த மார்கழியில் அவர் அதில் பார்த்ததெல்லாம் எலிகள். வட இந்தியாவில் ஒரு கோயிலில் ஆயிரக்கணக்கில் எலி வளர்க்கிறார்களாம், பெரிய தட்டில் பால் வைத்து, மிஞ்சியதைப் பிரசாதமாகக் குடிக்கிறார்களாம். சீனர்களுக்குப் பன்னிரண்டு வருசத்துக்கு ஒருமுறை எலி வருசம் வருமாம், அதில் பிறந்த பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையாம். பிரான்சில் பிள்ளைகள் விழுந்த பல்லைத் தலையணைக்குக் கீழ் வைத்தால் ஒரு சுண்டெலி வந்து எடுத்துக்கொண்டு பரிசு வைத்துவிட்டுப் போகுமாம். இதைக் கேட்டு எனக்கு வயிறெரிந்தது. என்னுடைய பற்களையெல்லாம் அணிலுக்கென்று கூரையில் எறிந்திருந்தேன். ஒரு அணிலும் ஒன்றும் தரவில்லை.

விரதம் முடிந்தது. அம்மா காப்பை அவிழ்த்த மறுநாளே ஊர்காவற்றுறையிலிருந்து கம்பியால் செய்த எலிக்கூடு ஒன்று வந்து சேர்ந்தது. வாகனம் மறுபடி எலியாகிவிட்டது. உள்ளே கொக்கியில் சுட்ட கருவாட்டுத் துண்டைக் குத்தி வைக்கும் உரிமையை நான் அழுது வாங்கினேன். சித்தி மறித்துப் பார்த்தார். அப்போதுதான் கண்ணிவெடி தேடும் எலிகளைப் பற்றிச் சொன்னார். மற்றக் கதைகளை விட்டேற்றியாகச் சொன்னவர் இதை மட்டும் நிதானமாகச் சொன்னார். போனில் படமும் காட்டினார். ஆபிரிக்காவில் ஒரு பெரிய எலி, நெஞ்சில் சின்னப் பட்டி கட்டி, கயிற்றோடு புல்லுக்குள் நின்றது.

"அதுக்கு வெடிக்காதோ?" என்று கேட்டேன்.

"அதுக்குப் பாரம் காணாது பிள்ளை. ஆள் மிதிச்சாத்தான் வெடிக்கும். இது மூக்காலை மணந்து பிடிச்சு, மண்ணைச் சுரண்டிக் காட்டும். ஒரு துண்டு வாழைப்பழம் குடுப்பினம். பிறகு ஆக்கள் போய்க் கிண்டி எடுப்பினம். அந்தக் காணியிலை சனம் திரும்ப வீடு கட்டும்."

அந்த ஊர் எலி வேலை செய்கிறது, எங்கள் ஊர் எலி சீருடை தின்கிறது என்று அம்மா குசினிக்குள்ளிருந்து சொன்னார். முன்னொரு காலத்தில் ஐரோப்பாவில் எலியால் கொள்ளை நோய் பரவிச் சனம் செத்ததைச் சித்தி வாய்தவறிச் சொல்லியிருந்தார். அதை மட்டும் அம்மா நன்றாகப் பிடித்துக்கொண்டார்.

கூடு வைத்து ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், போயிற்று. விடிந்து பார்த்தால் கருவாடு இருக்காது, எலியும் இருக்காது. இரண்டு நாள் கூட்டின் கதவு விழுந்திருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. கதவு விழுந்த பிறகும் எலி எப்படி வெளியே போகும் என்று அம்மா அதிசயப்பட்டார். சீன எலியாயிருக்கும் என்றார் அப்பா.

நான் விடவில்லை. ஒரு நாள் படுக்கப் போகுமுன் நிலத்தில் அரிசிமாவைத் தூவி வைத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் குட்டிக் குட்டிக் கால் தடங்கள் நேரே அலுமாரிக்குப் பின்னால் போயிருந்தன. குனிந்து பார்த்தேன். அலுமாரியின் பின்பலகை உக்கி ஓர் ஓட்டை. ஓட்டை வாசலில் தேங்காய்ச் சொட்டுகள், ஒழுங்காக வெட்டிய துண்டுகள். குசினியில் களவெடுத்து வந்திருக்கிறது என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா முந்திவிடுவார். நாலு நாள் அந்த ரகசியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். நாலாம் நாள், எல்லாரும் படுத்த பிறகு கூட்டைக் கொண்டுபோய் அந்த ஓட்டை வாசலிலேயே வைத்தேன்.

விடிய எலி கூட்டுக்குள் இருந்தது. நான் நினைத்த அளவு பெரிதாக இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. வெற்றியில் நான் கத்திய கத்தலுக்கு அம்மா ஓடிவந்தார். அப்பா முதல் பஸ்ஸில் வேலைக்குப் போய்விட்டார். கூடு இருந்த இடத்தைப் பார்த்ததும் அம்மாவின் முகம் மாறியது. திறப்பை எடுத்துவந்து அலுமாரியைத் திறந்தார்.

கீழ்த்தட்டில் கொப்பி இல்லை. கொப்பி இருந்த இடத்தில் காகிதத் துருவல் குவிந்து கிடந்தது, நடுவில் எலி சுருண்டு படுத்த குழி. அம்மா துருவலைக் கையால் அளைந்து பார்த்தார். அங்கொரு இலக்கம், இங்கொரு கட்டம், அவ்வளவுதான். பிறகு பக்கத்தில் கிடந்த பட்டுத் துணியை எடுத்தார். அதில் நெய்க் கறை பட்டிருந்தது. அதை இரண்டு கையாலும் விரித்து வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கதவடியில் நின்ற சித்தியைப் பார்த்தார். சித்தி தலை குனியவில்லை.

அம்மா ஏசப்போகிறார், அழப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ துணியைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுத் தோய்க்கத் தொடங்கினார். வீட்டில் இவ்வளவு பெரிய அழிவு நடந்திருக்க இவர் ஏன் முதல் வேலையாக ஒரு துணியைத் தோய்க்கிறார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பின்னேரம் அப்பா வந்தார். துருவலைப் பார்த்தார், என் கூட்டைப் பார்த்தார். பூட்டிய அலுமாரிக்குள், முடிச்சுப் போட்டு வைத்த குறிப்பு எப்படி இப்படிப் போகும் என்று கேட்டார்.

"எலிதான்" என்றார் அம்மா. "வேற ஆர்?"

என்னால் பொறுக்க முடியவில்லை. எலி அங்கே போவது எனக்கு நாலு நாளாகத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். அப்பா என்னை ஏசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு பல நாள் என்னோடு கதைக்கவில்லை, அது அடியைவிட நொந்தது. குறிப்பை எலி கடித்தது என்று கேள்விப்பட்ட சுவிஸ் மாப்பிள்ளை வீட்டார் அபசகுனம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். பிறந்த நேரமே இல்லாத பெண்ணுக்குப் புதிதாக யாரும் பேசி வரவுமில்லை. சித்தியின் வாழ்க்கையை நான்தான் கெடுத்தேன் என்று முழுதாக நம்பினேன்.

எலியைக் கிணற்று வாளியில் அமுக்கச் சொல்லியிருந்தார் அப்பா. சித்தி தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக் கூட்டைத் தூக்கிக்கொண்டு போனார். பின்னால் போனேன். கனடாக்காரர் வளவில், விழுந்து கிடந்த மதிலடியில், கதவைத் தூக்கிவிட்டார். எலி ஒருமுறை நின்று மணந்து பார்த்துவிட்டு ஓடியது.

"உன்னிலை ஒரு பிழையும் இல்லை" என்றார் சித்தி. என்னைத் தேற்றச் சொல்கிறார் என்று நினைத்து இன்னும் அதிகமாக அழுதேன்.

தை முழுவதும் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளையார் கோயிலுக்குப் போய், நாளொன்றுக்கு இருபத்தொரு தோப்புக்கரணம் போட்டேன். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ சித்தி என்னைத் தேடிக்கொண்டு வந்து பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து நின்று, காதைப் பிடித்துக்கொண்டு அவரும் தோப்புக்கரணம் போட்டார். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. நல்ல மாப்பிள்ளை வேண்டுகிறார் என்று நினைத்து, எனக்குரியதோடு அவருக்காகவும் பத்துக் கூடப் போட்டேன். முழங்கால் நோவோடு வீட்டுக்கு வந்தேன்.

மாசி பிறக்கச் சித்தி வன்னிக்குப் போனார். அப்பாவுக்கு மறிக்கக் காரணம் ஒன்றும் மிச்சமில்லை. அது கண்ணிவெடி அகற்றும் வேலை என்று அவர் முதல் அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. முகத்துக்குக் கண்ணாடி மறைப்பு, நெஞ்சுக்குக் கனத்த கவசம், முழங்காலை நிலத்தில் ஊன்றி மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இன்றைக்கும் அந்த வேலைதான். அவர் துப்புரவாக்கிய காணிகளில் இப்போது பிள்ளைகள் ஓடித் திரிகிறார்கள்.

போன வருடம் என் படிப்புச் சான்றிதழ் தேடி அந்த அலுமாரியைத் திறந்தபோது அந்தப் பட்டுத் துணி கையில் பட்டது. விரித்துப் பார்த்தேன். முழுத் துணி, ஓரிடத்திலும் பல் படவில்லை. அம்மா போட்ட இரட்டை முடிச்சை அவிழ்த்து, துணியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, கொப்பிக்கு நெய் பூசித் தின்ன எந்த ஊர் எலிக்கும் தெரியாது.

அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் "எலிதான்" என்பார்.

எலி பிடிபட்ட அன்று, பின்னேரம் அப்பா வருமுன் அந்தத் துணி, வெளிச்சம் ஊடுருவ, ஓர் ஓட்டையும் இல்லாமல் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே நான் குந்தியிருந்து, கூட்டுக்குள் இருந்த எலியைத் திட்டித் திட்டி அழுதுகொண்டிருந்தேன்.