குருவி ஆள் எடுத்த விதம்

மாமனாரின் வலது காலை மடியில் வைத்துக்கொண்டு குருவி நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். சர்க்கரை நோயாளியின் நகத்தை நேராகத்தான் வெட்ட வேண்டும். ஓரத்தை வளைத்து உள்ளே போனால் புண். வெதுவெதுப்பான நீரில் துணியை நனைத்து, ஒற்றி, துடைத்து, சிறிது சிறிதாக வெட்டினாள். நான் கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து அவருடைய இடது குதிகால் புண்ணுக்குக் கட்டு மாற்றினேன்.

குருவி என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். ஆள் சிறியவள், ஓரிடத்தில் உட்காரமாட்டாள். வயது ஐம்பதைத் தாண்டியும் பெயர் மாறவில்லை. நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் நிறுவனத்தில். வேலைக்குச் சேர்ந்தவர்களைப் பழக்குவது என் பொறுப்பு, யாரைச் சேர்ப்பது என்று பார்ப்பது அவள் பொறுப்பு. அவளும் வீடுவீடாகப் போய் வேலை பார்த்தவள்தான். மாமனார் படுத்த பிறகு அலுவலகத்துக்கு மாறினாள். அவர் தூங்கும் நேரத்தில் கட்டிலருகே உட்கார்ந்து, இணையத்தில் பாடம் பார்த்து, கம்ப்யூட்டரில் நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து அவர் மருமகளை ‘ஆபீசர்’ என்றுதான் கூப்பிடுகிறார்.

ஆபீசர் மறுநாள் காலை முதலாளிக்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆள் எடுக்கும் மென்பொருள் ஒன்றை அவர் சோதனைக்கு வாங்கியிருந்தார். விண்ணப்பங்களை உள்ளே போட்டால் அதுவே தரம் பிரித்து, மேலே வருகிறவர்களுக்குச் செய்தி அனுப்பி, நேர்முகத் தேர்வுக்கு நாளும் குறித்துவிடும். குருவிக்குப் பழக்கமானது வேறு. அதை நோட்புக் என்கிறார்கள், ஆனால் காகிதம் இல்லை. திரையில் கட்டம் கட்டமாக ஒரு பக்கம். ஒரு கட்டத்தில் கட்டளை எழுதி ஓட்டினால் அதற்குக் கீழேயே விடையோ படமோ வரும். சரியில்லையென்றால் அந்தக் கட்டத்தை மட்டும் திருத்தி மறுபடி ஓட்டலாம். ஏன் இப்படிச் செய்தோம் என்று நடுவில் சாதாரண வாக்கியமாகவும் எழுதி வைக்கலாம். எல்லாவற்றையும் நாமே யோசிக்க வேண்டும் என்பதுதான் அதில் உள்ள தொல்லை. இரண்டையும் கட்டிக்கொண்டு அழ முடியாது, ஒன்றைச் சொல்லுங்கள் என்று முதலாளி கேட்டிருந்தார்.

மென்பொருள் வந்தால் சாயங்காலம் நேரத்தோடு வீடு திரும்பலாம். அந்த ஆசையில் குருவி ஏறக்குறைய அதற்கே தலையாட்டியிருந்தாள். அன்று மதியம் அது பிரித்துக் கொடுத்த வரிசையின் அடியில் மூணுவாரக்காரியின் விண்ணப்பம் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் தயங்கினாள்.

மூணுவாரக்காரி எந்த வீட்டிலும் மூன்று வாரம், ஒரு மாதத்துக்கு மேல் வேலை பார்த்ததில்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. அவள் செருப்பை வாசலில் கழற்றினாலே உள்ளே இருப்பவர் கிளம்பிவிடுவார் என்று கிண்டல் வேறு. மற்றவர்கள் வேண்டாம் என்று ஒதுங்கும் நோயாளிகளிடம், மருத்துவர் கைவிட்ட பிறகு போகிறவள் அவள். அங்கே வேலை எத்தனை நாள் நீடிக்கும்? ஆனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழைய வீட்டில் நோயாளி இறந்ததைப் புது வீட்டில் வாயால் சொல்லமாட்டோம், விண்ணப்பத்திலும் எழுதமாட்டோம். விலகிய காரணம் என்ற இடத்தை வெறுமையாக விட்டுவிடுவோம். மென்பொருள் தேதிகளைப் பார்த்தது, வெற்றிடத்தைப் பார்த்தது, நிலையாக நிற்காதவர் என்று தள்ளிவிட்டது. இங்கேயும் இல்லையென்றால் கடையில் பில் போடப் போய்விடுவேன் என்று அவள் குருவியிடம் சொல்லியிருந்தாள்.

“மனுஷங்க செத்துப்போறது அந்த மெஷினுக்குத் தெரியாதாக்கும்,” என்றார், குருவி சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமனார். பிறகு மருமகளைப் பார்த்தார். “ஏன் ஆபீசர், நாளைக்கு நான் போற நேரம் வந்தா அது எனக்கு யார அனுப்பும்?”

“பேசாம காலக் காட்டுங்க மாமா. அதுக்குள்ள எங்க போறீங்க? இன்னும் அஞ்சு விரல் பாக்கி.”

அந்த ஐந்து விரலையும் முடித்துக் கை கழுவிவிட்டு, அவர் சாப்பிடும் சிறு மேசையைக் கட்டில்மேல் இழுத்து மடிக்கணினியைத் திறந்தாள். வரிசையின் அடியில் இருந்தவர்கள் கொடுத்திருந்த பழைய வீடுகளின் எண்களுக்கு ஒவ்வொன்றாகப் பேசினாள். ஒரு வீட்டில், வேலைக்கு வந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டதாகத் திட்டினார்கள். அதையும் அப்படியே பதிந்துகொண்டாள். சிலர் எடுக்கவில்லை. மூணுவாரக்காரி கடைசியாக வேலை பார்த்த வீட்டின் மகன் எடுத்தார்.

“அவங்க இன்னும் இந்த வேலை பாக்கறாங்களா?” என்றார். “அப்பா போறப்ப நாங்க யாருமே பக்கத்துல இல்லைங்க. அவங்கதான் கையப் புடிச்சிட்டிருந்தாங்க.”

குருவி நன்றி சொல்லிப் போனை வைத்தாள். பிறகு நோட்புக்கில் இருந்த விண்ணப்பப் பட்டியலில் விலகிய காரணத்துக்குப் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, நோயாளி இறந்ததால் முடிந்த வேலைகளைத் தனியாகப் பிரிக்கச் சொல்லி ஓட்டினாள். ஆளுக்கு ஒரு புள்ளியாகக் கீழே வந்த படத்தில், குறைந்த நாளே வேலை பார்த்தவர்கள் என்று ஓரத்தில் ஒன்றாக நெருக்கியடித்துக் கிடந்த புள்ளிகள் இரண்டு நிறமாகப் பிரிந்தன. பதில் தெரியாதவற்றுக்கு மூன்றாவது நிறம் கொடுத்து, ‘இவர்களைப் பற்றி இன்னும் கேட்க வேண்டும்’ என்று கீழே எழுதினாள். மாமனார் கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை என்றார், ஆனால் நிறம் நன்றாக இருக்கிறதாம்.

மறுநாள் காலை முதலாளியிடம், நோட்புக்கே போதும் என்றாள். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

“நீங்க லீவு போட்டா இத யாரு படிக்கிறது?”

“ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழ காரணம் எழுதியிருக்கேன் சார். படிச்சுப் பாருங்க. எங்க புரியலையோ அங்க நான் சரியா எழுதலன்னு அர்த்தம்.”

அவர் படித்தார். இரண்டு இடத்தில் நின்றார். அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள். இனி நேர்முகத்துக்குச் செய்தி அனுப்புவதையும் நாள் குறிப்பதையும் கையால்தான் செய்ய வேண்டியிருக்கும், பிறகு என்னிடம் வந்து அழக் கூடாது என்றார். அழமாட்டேன் என்றாள். சாயங்காலம் நேரத்தோடு வீட்டுக்குப் போகும் கனவு அத்துடன் போயிற்று.

பிறகு மூணுவாரக்காரிக்குப் போன் செய்தாள். ஒரு மணி நேரத்தில் அவள் வந்து நின்றாள். நெடிய உருவம், குட்டையாக வெட்டிய நகம். யாராக இருந்தாலும் படுத்திருப்பவரைப் புரட்டிக் காட்டாமல் பயிற்சிக்கு எடுப்பதில்லை என்பது என் விதி. பயிற்சி பொம்மையின் இடுப்பு கழன்று பழுதுபார்க்கப் போயிருந்தது. குருவி செருப்பைக் கழற்றிவிட்டுத் தானே கட்டிலில் ஏறிப் படுத்தாள்.

மூணுவாரக்காரி முதலில் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். “சுவத்துப் பக்கமா திருப்பப் போறேங்க,” என்று சொல்லி, பதிலுக்குக் காத்திருந்து, ஒரு கையைத் தோளுக்கும் ஒரு கையை இடுப்புக்கும் கொடுத்துத் திருப்பினாள். முதுகுக்குத் தலையணை வைத்து, கசங்கியிருந்த விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். குருவி உடனே எழுந்துகொள்ளவில்லை. நானும் அவசரப்படுத்தாமல், பயிற்சிப் பதிவேட்டில் மூணுவாரக்காரியின் பெயரை எழுதினேன்.