அழிக்காத சிலேட்டு

என் அறைச் சுவரில் ஒரு பழைய சிலேட்டு தொங்குகிறது. அதில் பெரிய வட்டம் ஒன்று, வட்டத்தின் உச்சியில் ஒரு சுழி, வட்டத்திலிருந்தே நேராக இறங்கும் இரண்டு கால்கள். சுழி எங்கள் அப்பாவின் குடுமி. வரைந்த என் தம்பிக்கு அப்போது ஐந்து வயதுகூட நிரம்பவில்லை. அப்பாவுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பது அவனுக்குத் தோன்றவில்லை போலும்.

அப்பாவுக்கு வயல்வேலை போக மிச்ச நேரமெல்லாம் சரமகவிதான். அந்நாளில் நாஞ்சில் நாட்டில் கொஞ்சம் வசதியான வீட்டில் யாராவது இறந்தால், பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்கில் அவர் புகழைப் பாட்டாகப் படித்து, நாகர்கோவிலில் கறுப்புக் கரையிட்டு அச்சடித்த தாளை வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அந்தப் பாட்டுக்காக எங்கள் வீட்டுக்கு ஆள் வரும். அப்பா சிலேட்டில்தான் பாட்டுக் கட்டுவார். தளை தட்டினால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார். அவர் பாட்டில் கஞ்சனும் கர்ணனாகிவிடுவான், ஊரையே ஏசித் தீர்த்தவளும் பொறுமையில் பூமாதேவியாவாள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்டிருந்துவிட்டு, "உசிரோட இருக்கையில இவ்வளவு நல்லவனா இருந்திருக்கப்பிடாதா?" என்பாள். அப்பாவுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

கும்பப்பூ நெல் நடவு நடந்துகொண்டிருந்த ஐப்பசி மழையில் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் வந்தார், கஷாயம் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைகளை எரிப்பதில்லை, புதைப்பார்கள். அப்பா அவனை வேட்டியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தபோதும் அந்தத் தோளைச் சாய்த்தபடியேதான் நடந்து வந்தார். பிள்ளைக்கு அடியந்திரம் கிடையாது, சரமகவியும் கிடையாது. பாடுவதற்கு அவன் என்ன புகழைச் சேர்த்து வைத்திருந்தான்? துக்கத்துக்கு வந்தவர்கள் நாற்று நடப் போய்விட்டார்கள்.

அம்மாவால் அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒருநாள் காலையில் அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். "ஊருல செத்தவனுக்கெல்லாம் பாடுகியோ. எம்பிள்ளைக்கு ரெண்டு வரி பாடப்பிடாதா? நீங்களும் பாடலேன்னா அவன் பொறந்ததே ஆருக்குத் தெரியும்?" அப்பா மறுக்கவில்லை. கண்ணை மூடி வெகுநேரம் முணுமுணுத்துவிட்டு ஒரு வெண்பா சொன்னார். முழுமதியும் தேன்மொழியும் குலவிளக்கும் அதில் இருந்தன. அம்மா முழுவதும் கேட்டாள். "இது எந்தப் பிள்ளைக்கும் பொருந்துமே. இதுல எம்பிள்ளை எங்க இருக்கான்?" என்றாள்.

அப்பா வேறு பாட்டு எழுதுவதற்காக ஈரத்துணியோடு சிலேட்டை எடுத்தார். அதில் அந்தக் குடுமி. காய்ச்சலுக்கு முந்தின நாள், அப்பா வயலில் இருந்த நேரத்தில், அவருடைய பாட்டை அழித்துவிட்டுத் தம்பி வரைந்தது. அப்படி அழித்ததற்காக அவன் எத்தனையோ தடவை வசவு வாங்கியிருக்கிறான். அப்பா துணியைக் கீழே வைத்துவிட்டார்.

அதன்பின் அவர் யாருக்கும் எழுதவில்லை. ஆள் வந்தால், "சிலேட்டுல எடமில்ல ஓய்" என்பார். "வேற ஒண்ணு வாங்கித் தாறோம் ஓய்" என்று கெஞ்சியவர்களும் உண்டு. சிலேட்டின் மறுபுறம் வெறுமையாகத்தான் இருந்தது, ஆனால் கவிழ்த்து வைத்தால் படம் அழிந்துவிடும். துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்று ஊர் பேசியது. அம்மா அவருக்குச் சோறு போட்டாள், பேச வேண்டியதைப் பேசினாள், ஆனால் மன்னிக்கவில்லை. அந்த வீட்டில் வளர்வது எனக்குப் பெரும் பாரமாக இருந்தது.

சிலேட்டுக் குச்சியின் கோடு எத்தனை நாள் நிற்கும்? எங்கள் ஊர்க் காற்றில் அது என்றைக்கோ போயிருக்க வேண்டும். போகவில்லை. நான் வளர்ந்த பிறகு ஒரு மத்தியானம், அம்மா குளத்துக்குப் போயிருந்தபோது, அப்பா சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு கோட்டின்மேல் கோடு இழுப்பதைப் பார்த்தேன். தம்பியின் கை எங்கே கோணியதோ அங்கே தானும் கோணினார். என்னைக் கண்டும் நிறுத்தவில்லை. நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

சில வருடங்களில் அப்பாவும் போனார். அவருடைய அடியந்திரத்துக்குச் சரமகவி இல்லாவிட்டால் எப்படி என்றார்கள் உறவினர்கள். வீட்டில் நாலெழுத்து படித்தவள் நான்தான். எழுதினேன். எனக்கும் கற்பகத்தருவும் கருணைக்கடலும்தான் வந்தன. அம்மாவுக்கு வாசித்துக் காட்டப் போனேன். அவள் வேண்டாம் என்று கையசைத்துவிட்டு எழுந்து, சிலேட்டையும் குச்சியையும் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

"மங்கிப் போச்சு பாரு மக்கா. அவரு இருந்தா இந்நேரம் மேல எழுதியிருப்பாரு. குடுமிய அவரு போடுகது மாதிரியே போடு."

இப்போது அம்மாவும் இல்லை. இன்று காலையில் பார்த்தேன், குடுமி மறுபடியும் மங்கியிருக்கிறது. எனக்குப் பிறகு இதன்மேல் எழுத யாரும் இல்லை. குச்சியைக் கூராக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.